வீட்டில் பழமரம்: வாங்கும் முன்பும் நட்ட பின்பும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வெளியே ஐந்து சென்ட் மனை. வீடு போக மிச்சம் இரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் பதினைந்து வருஷமாக மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, மாதுளை, சீத்தா என்று வைத்து, சிலதைச் சாகக் கொடுத்து, சிலதை நானே வெட்டிப் போட்டு, மிச்சத்தில் பழம் தின்றுகொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களும் பக்கத்து மனைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சமவெளி வெயிலையும் போர் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதியது. மலைக்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

இரண்டு சென்ட் இடத்தில் எத்தனை மரம் வைக்கலாம்?

ஒரு சென்ட் கிட்டத்தட்ட 435 சதுர அடி. தோப்புக்காரர்களின் பழைய கணக்கில் மாமரத்துக்கு மாமரம் 10 மீட்டர் இடைவெளி. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒரே ஒரு மாமரம் உங்கள் இரண்டு சென்ட்டையும் விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆனால் இப்போது அடர் நடவில் 5 மீட்டருக்கு ஒன்று வைக்கிறார்கள். மிக அடர் நடவு என்று 3 மீட்டருக்கு 2 மீட்டரில்கூட வைக்கிறார்கள். வருஷா வருஷம் கிளைகளை வெட்டி, அதாவது கவாத்து பண்ணி, மரத்தைக் குட்டையாகவே வைத்திருப்பதுதான் அதன் சூட்சுமம். வீட்டுக்கும் அதே வழிதான்.

இரண்டு சென்ட்டில் ஒரு மா, ஒரு கொய்யா அல்லது சப்போட்டா, ஓரமாக எலுமிச்சை ஒன்று, மாதுளை ஒன்று, சீத்தா ஒன்று, நடுவில் இரண்டு பப்பாளி. இதற்கு மேல் போகாதீர்கள். பெரிய மரங்களுக்கு நடுவில் 12 அடி, சின்ன மரங்களுக்கு 8 அடி விடுங்கள். செடிக் கண்காட்சிக்குப் போய் ஆசையில் பதினான்கு கன்று வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் வருஷம் அவர்கள் தோட்டத்தில் நிழல் மட்டும் நன்றாக இருக்கும்.

பலா வைக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டு சென்ட்டில் வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் ஒரு வயசான பலாவைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஏன் என்று புரியும்.

விதைக்கன்று வாங்கலாமா, ஒட்டுக்கன்றுதானா?

மரத்தைப் பொறுத்தது. மா, சப்போட்டா, பலா, நெல்லி நான்கும் ஒட்டுக்கன்றுதான். தின்ற மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்தால் மரம் வரும். அந்தப் பழம் வருமா என்பது வேறு கதை. நம் பக்கத்து மா ரகங்கள் பெரும்பாலும் தாயைப் போல வராது. அதோடு விதைக்கன்று காய்க்க ஆறு முதல் பத்து வருஷம் ஆகும். ஒட்டு என்றால் நான்காம் வருஷத்திலேயே பழம் பார்க்கலாம்.

கொய்யாவும் மாதுளையும் பெரும்பாலும் பதியன் போட்ட கன்றாக வரும். காய்த்துக்கொண்டிருக்கிற தாய்மரத்தின் கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரமான நார்க்கழிவையோ பாசியையோ வைத்துக் கட்டி, வேர்விட்ட பிறகு வெட்டி எடுப்பது. தாயின் குணம் அப்படியே வரும். ஒரே குறை, ஆணிவேர் இருக்காது. ஆடிக் காற்றுக்குச் சாயும். முதல் இரண்டு வருஷம் முட்டுக்கம்பு கட்டாமல் விடாதீர்கள்.

எலுமிச்சை மட்டும் விதிவிலக்கு. அதன் ஒரு விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உண்டானவை என்பதால் விதைக்கன்றும் ஏறக்குறைய தாயைப் போலவே வரும். அதனால் பெரியகுளம் 1 மாதிரி நல்ல ரகத்தின் விதைக்கன்று கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். காய்க்க நான்கைந்து வருஷம் ஆகும், அவ்வளவுதான்.

பப்பாளி எப்போதும் விதைதான்.

நர்சரியில் கன்றை எப்படிப் பார்த்து வாங்குவது?

மரத்தின் பாதித் தலையெழுத்து வாங்குகிற அன்றைக்கே எழுதியாகிவிடும். இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுக்கன்றில் அடித்தண்டு ஒரு மரம், மேலே உள்ளது இன்னொரு மரம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டும் சேர்ந்த இடத்தில் ஆப்பு செருகியதுபோல ஒரு வடு தெரியும். அதற்குக் கீழேயும் மேலேயும் பட்டையின் நிறமும் சொரசொரப்பும் கொஞ்சம் மாறும். இந்த வடு ஆறியிருக்க வேண்டும். கட்டைவிரலால் லேசாக அசைத்தால் ஆடக்கூடாது.

என் முதல் மாங்கன்றை இப்படிப் பார்க்காமல்தான் வாங்கினேன். ரோட்டோரத்து நர்சரி ஒன்று. தண்டில் பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்தது. "இமாம்பசந்த் ஒட்டு சார்" என்றார் கடைக்காரர். டேப்பைப் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிட்டேன். ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றி, ஆறாம் வருஷம் வந்தது நார் நாராகப் புளிக்கிற ஒரு நாட்டு மாங்காய். டேப்பை முன்னமே அவிழ்த்திருந்தால் அடியில் ஒரு கீறல்கூட இல்லாதது தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் கடையிலேயே "அண்ணே, டேப்பைக் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்க" என்று கேட்டுவிடுவேன். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒட்டு கூடிய கன்றுக்கு டேப் தேவையும் இல்லை. விட்டு வைத்தால் தண்டை இறுக்கிக் கழுத்தை நெரிக்கும்.

அடுத்தது வேர். பையின் அடியில் துளை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அந்தக் கன்று அங்கேயே ரொம்ப நாள் கிடந்திருக்கிறது. உள்ளே வேர் கயிறு சுற்றினதுபோல வட்டமாகச் சுற்றியிருக்கும். நட்ட பிறகும் அப்படியே சுற்றிக்கொண்டு கிடக்கும். நான்கடி உயரக் கன்று சின்னப் பையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டடி உயரத்தில், பென்சிலை விடத் தடித்த தண்டோடு, இரண்டு மூன்று தளிர்ப்புக் கண்ட கன்று அதைவிட மேல். குட்டைக் கன்றுக்குக் காசும் குறைவு.

ஆந்திராவில் ராஜமகேந்திரவரம் பக்கம் கடியம் என்று ஓர் ஊர். ஊரே நர்சரிதான். அங்கிருந்து லாரி லாரியாக நம் ஊர்க் கடைகளுக்குக் கன்று வருகிறது. அப்படி வருகிறவற்றில் கெட்டியான களிமண் உருண்டையோடு சில இருக்கும். காய்ந்தால் அந்த உருண்டை செங்கல் மாதிரி இறுகிவிடும். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் சுற்றியுள்ள பொலபொலப்பான மண்ணில் இறங்கிப் போய்விடும், வேருக்குப் போகாது. நடுவதற்கு முன் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வைத்து, உருண்டையின் வெளிப்பக்கத்தை மட்டும் விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள்.

அப்புறம், காய் தொங்குகிற கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். காய்த்த கிளையைப் பதியன் போட்டால் ஒரு சாண் செடியிலும் காய் நிற்கும். வீட்டுக்கு வந்து பத்து நாளில் உதிரும். கூடவே செடியும் இளைக்கும்.

இலைக்கு அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சியையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறீர்கள்.

எங்கே வாங்குவது நம்பகமானது?

ரகம் சரியாக வேண்டும் என்றால் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள், வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள். எங்கள் பக்கத்துக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. பெரியகுளம் 1 என்று எலுமிச்சையிலும் சப்போட்டாவிலும் கேட்கிற பெயரெல்லாம் அங்கே உருவானவைதான். விலையும் குறைவு. ஆனால் நீங்கள் போகிற அன்றைக்கு நீங்கள் கேட்கிற கன்று இருக்காது. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

தனியார் நர்சரியில் தாய்மரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சொந்தமாக ஒட்டுக் கட்டுகிறவரிடம் தாய்மரம் இருக்கும். வாங்கி விற்கிறவரிடம் இருக்காது. அவர் தப்பானவர் என்று சொல்ல வரவில்லை, அவருக்கே ரகம் உறுதியாகத் தெரியாது.

ஆன்லைனில் வாங்கலாமா என்றால், எலுமிச்சை, கொய்யா மாதிரி முரட்டுச் செடி தாங்கும். ஒட்டு மா பெட்டிக்குள் நாலு நாள் கிடந்து வந்தால் பாதிதான் பிழைக்கும். நீலமும் சிவப்புமாகப் பழம் காட்டுகிற படங்களைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மாவில் எந்த ரகம் வீட்டுக்கு ஏற்றது?

ருசி மட்டும் பார்த்தால் இமாம்பசந்த், மல்கோவா. இரண்டுமே காய்ப்பில் கஞ்சன். ஒரே ஒரு மரம் வைக்க இடம் உள்ளவருக்கு அது கஷ்டம்.

நீலம் வருஷம் தவறாமல் காய்க்கும், சீசன் முடியும்போது வரும், நாலு நாள் தாங்கும். கொட்டைக்குள் வண்டு இருக்கும் என்பது அதன் பெயரோடு ஒட்டிய புகார். பங்கனபள்ளி நம்பிக்கையான பழம். கிளிமூக்கு நிறையக் காய்க்கும். ஊறுகாய்க்கும் உப்பு மிளகாய்த்தூளுக்கும் அதை விட்டால் ஆளில்லை.

சின்ன இடத்துக்கு நான் சொல்வது அம்ரபாலி அல்லது மல்லிகா. இரண்டும் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நம் நீலத்தையும் வடக்கத்தித் தஷேரியையும் கலந்து உண்டாக்கியவை. அம்ரபாலி குட்டையாகவே நிற்கும், ஆண்டுதோறும் காய்க்கும், உள்சதை ஆரஞ்சு நிறம். மல்லிகாவில் பழம் பெரிசு, கொட்டை தட்டை. என் வீட்டில் மேலே சொன்ன நாட்டு மாமரத்தை வெட்டிவிட்டு அதே இடத்தருகே வைத்தது மல்லிகாதான்.

குழி எப்படி எடுப்பது? எப்போது நடுவது?

மாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. கொய்யா, மாதுளை, எலுமிச்சைக்கு 2 அடி போதும். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகப் போடுங்கள். இரண்டு வாரம் குழி வெயிலில் ஆறட்டும். பிறகு மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்பி, ஒருமுறை தண்ணீர் விட்டு மண்ணை அமரவிட்டு நடுங்கள்.

பச்சைச் சாணியைக் குழியில் கொட்டுவது நாம் எல்லோரும் செய்கிற தப்பு. அது சூடாகும், கரையானைக் கூப்பிடும், வெள்ளைப் புழுவும் வரும்.

மனைப்பிரிவில் வீடு கட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டடம் முடிந்ததும் கொத்தனார்கள் உடைந்த செங்கல், சிமெண்ட் கலவை எல்லாவற்றையும் கொல்லைப்பக்கம்தான் பரப்பிவிட்டுப் போவார்கள், மேலே ஒரு லோடு செம்மண் கண்துடைப்புக்கு. அங்கே நட்ட செடியில் புதுத்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் நிற்கும். மண்ணில் சுண்ணாம்பு ஏறியதால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் வருகிற மஞ்சள் அது. உரம் போட்டுப் போட்டுச் சலித்த பிறகு நான் தோண்டிப் பார்த்தேன். ஒன்றரை அடியில் ஒரு தளவரிசையே கிடந்தது. குழி எடுக்கும்போது கடப்பாரை 'டங்' என்றால் நிறுத்திவிட்டு அந்தக் கழிவை முழுசாக வெளியே எடுங்கள்.

நடுகிற காலம், புரட்டாசியில் முதல் மழை பெய்து மண் நனைந்ததும். வடகிழக்கு மழை முழுவதும் வேருக்குக் கிடைக்கும். கரிசலும் களியுமான, தண்ணீர் தேங்குகிற இடம் என்றால் ஆடி ஆவணியிலேயே நட்டு, ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடிக்க விடுங்கள். சித்திரை வைகாசியில் நட வேண்டாம்.

பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். சிரிக்காதீர்கள், பையோடு நட்ட செடியை நான் பிடுங்கியிருக்கிறேன். ஒட்டு வடு மண்ணுக்கு மேலே நாலு விரலாவது இருக்க வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. எதுதான் வரும்?

சப்போட்டா, நெல்லி, இலந்தை, மாதுளை தாங்கும். கொய்யா ஓரளவு தாங்கும். மா திணறும், இலை நுனி கருகும். எலுமிச்சைக்கும் வெண்ணெய்ப் பழத்துக்கும் உப்பு ஆகவே ஆகாது. மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் சொற்பக் கட்டணத்தில் சோதித்துச் சொல்வார்கள். மரம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

ஆர்ஓ எந்திரத்தின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உப்பை வடிகட்டி ஒதுக்கிய தண்ணீர்தான் அது, போர் தண்ணீரை விட உப்பு கூடுதல். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீர், ஏசியில் சொட்டுகிற தண்ணீர் தாராளமாக விடலாம். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியே மரத்தடிப் பாத்திக்குத் திருப்பினால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

முதல் வருஷம் மழையில்லாத நாளில் வாரம் இரண்டு முறை, வெயில் காலத்தில் மூன்று. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது வேரை மேலேயே நிறுத்திவிடும். ஊற்றும்போது நிறைய ஊற்றி, பிறகு காய விடுங்கள். வட்டப்பாத்தி தண்டை ஒட்டி இருக்கக்கூடாது, இலை விரிந்திருக்கிற எல்லைக்கு நேர்கீழே இருக்க வேண்டும். மரம் வளர வளரப் பாத்தியும் வெளியே தள்ளிப் போக வேண்டும். தென்னை மட்டையோ காய்ந்த இலையோ போட்டு மூடாக்கு வையுங்கள்.

காய்க்கிற வயசு வந்த மாமரத்துக்குப் பூப்பதற்கு முந்தைய இரண்டு மாதம், அதாவது கார்த்திகை மார்கழியில், தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். அப்போது ஊற்றினால் பூவுக்குப் பதில் தளிர்தான் வரும். பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் மறுபடி தொடங்குங்கள்.

நட்ட முதல் வருஷமே பூ வந்துவிட்டது. விடலாமா?

கிள்ளி எறியுங்கள். மனசு வராது, தெரியும். மாவில் முதல் மூன்று வருஷப் பூவையும் கிள்ள வேண்டும். கொய்யாவில் ஒரு வருஷம் போதும். வீட்டில் பெரியவர்கள் திட்டினால் ஒரே ஒரு காயை விட்டு வைத்துச் சமாதானம் பண்ணுங்கள்.

சப்போட்டாவில் அடியிலிருந்து வேறு மாதிரி இலை வருகிறதே?

தெருக்கோடி வீட்டு அக்கா ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, இந்த சப்போட்டா என்னமோ குட்டைக் குட்டையா இலை விடுது, வந்து பாருப்பா" என்றார். போய்ப் பார்த்தால் சப்போட்டா எங்கேயோ காய்ந்து போய், அடியிலிருந்து பாலை மரம் கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கிறது.

சப்போட்டாவைப் பாலைக் கன்றின் மேல்தான் ஒட்டுக் கட்டுவார்கள். பாலை நம் வறண்ட காட்டு மரம், வேர் முரட்டு வேர். அதன் இலை தடித்து, சின்னதாக, நுனி கொஞ்சம் உள்வாங்கினதுபோல இருக்கும். சப்போட்டா இலை நீளமாக, கூர்நுனியோடு, கிளை நுனியில் கொத்தாக இருக்கும். ஒட்டுக்குக் கீழே எந்தத் தளிர் வந்தாலும் அன்றைக்கே கையால் ஒடித்துவிடுங்கள். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் அடிமரம் மேல்மரத்தைப் பட்டினி போட்டுவிடும். மாவிலும் நெல்லியிலும் இதே கதைதான். ஆனால் இலை ஒரே மாதிரி இருப்பதால் கண்ணில் படாது.

அக்கா அந்த மரத்தை வெட்ட விடவில்லை. மஞ்சளாகக் குட்டிப் பாலைப் பழம் காய்க்கிறது, பேரப்பிள்ளைகள் பொறுக்கித் தின்கின்றன.

பப்பாளி பூக்கிறது, காய்க்கவில்லை. ஏன்?

ஆண் மரமாக இருக்கும். பூவைப் பாருங்கள். நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டி ஒற்றையாக, அடி உருண்டு பெரிதாக இருந்தால் பெண். கோ 3, கோ 7, ரெட் லேடி ரகங்களில் ஆண் மரம் தனியாக வராது, பெண்ணும் இருபால் மரமும்தான் வரும். வீட்டுக்கு இவையே வசதி. ரெட் லேடி கலப்பின விதை. அந்தப் பழத்து விதையைப் போட்டால் அதே பழம் வரும் என்று நம்ப வேண்டாம்.

ஆணும் பெண்ணும் தனித்தனியாக வருகிற நாட்டு விதை என்றால் குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூ வந்த பிறகு வேண்டாததைப் பிடுங்குங்கள். தெருவில் யார் வீட்டிலாவது ஒரு ஆண் மரம் நின்றால் போதும்.

சீத்தாவும் நெல்லியும் பூத்துப் பூத்து உதிர்கின்றன...

இரண்டுக்கும் வேறு வேறு காரணம். சீத்தாப் பூவில் முதலில் பெண் பாகம் தயாராகும், அது முடிந்த பிறகே மகரந்தம் உதிரும். ஒரே பூவுக்குள் சேர்க்கை நடக்காது. சின்ன வண்டுகள்தான் பூவுக்குப் பூ கொண்டு போக வேண்டும். வறண்ட வெயிலில் அதுவும் நடப்பதில்லை. நன்றாக விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தை ஒரு சின்ன டப்பாவில் தட்டி எடுத்து, விடிகாலையில் பாதி திறந்திருக்கிற பூவுக்குள் மெல்லிய தூரிகையால் தடவுங்கள். பத்துப் பூவுக்குச் செய்தால் நாலைந்து பிடிக்கும். இந்த வேலைக்கு என் மகளுக்குத்தான் பொறுமை.

நெல்லியில் தன் மகரந்தம் தனக்கே ஒத்துவராது. பெருநெல்லி ஒன்றை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் அநேகம். என்ஏ 7, காஞ்சன், பவானிசாகர் 1 மாதிரி இரண்டு வேறு ரகம் பக்கத்தில் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் பக்கத்து வீட்டாரை ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

எலுமிச்சை இலையெல்லாம் ஏதோ தின்று தீர்க்கிறது.

தளிர் இலையின் மேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறதா? தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம். மரம் பெரிசானால் பத்துப் புழுவால் ஒன்றும் ஆகாது. சின்னக் கன்று என்றால் காலையில் குச்சியால் பொறுக்கிப் போடுங்கள். என் வீட்டில் பக்கத்திலேயே ஒரு கறிவேப்பிலை நிற்கிறது, புழுக்களை எடுத்து அதில் விட்டுவிடுவேன். அதையும் தின்னும்.

இலையில் வெள்ளிக் கோடு கோடாக இருந்தால் இலைத் துளைப்பான். தளிர் விடும்போது வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள்.

மாதுளைக் காய் வெடித்துப் போகிறது.

காய வைத்துத் திடீரென்று தண்ணீர் விட்டதால்தான் பெரும்பாலும். காய் பெருக்கும் காலத்தில் ஈரம் சீராக இருக்க வேண்டும். ஓட்டை விழுந்து உள்ளே அழுகினால் அது பழத் துளைப்பானின் வேலை. பிஞ்சு எலுமிச்சை அளவு வருவதற்குள் துணிப்பையோ வெண்ணெய்த்தாள் உறையோ கட்டிவிடுங்கள். மருந்து வேண்டாம்.

கொய்யாவில் மாவுப்பூச்சி. என்ன அடிக்கலாம்?

முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய் மேயவிடுவது அதுதான். தண்டைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி அதில் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. தண்ணீரைக் குழாயில் வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, வேப்ப எண்ணெய் தெளியுங்கள்.

கடும் விஷம் அடிக்க வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று புதிதாக ஒன்று வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தக் குளவிகள் இன்னும் நம்மிடையே வேலை பார்க்கின்றன. விஷம் அடித்தால் முதலில் சாவது அவைதான்.

இடமே இல்லை, மொட்டைமாடிதான். வளருமா?

200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக வெட்டினால் இரண்டு தொட்டி. அதில் எலுமிச்சை, மாதுளை, கொய்யா, அம்ரபாலி மா வரும். ஈரமண்ணோடு ஒரு தொட்டி 150 கிலோவைத் தொடும் என்பதை நினைவில் வையுங்கள். தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே சுவரும் பீமும் ஓடுகிற கோட்டின் மேல், செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். மண், தொழு உரம், தென்னை நார்க்கழிவு சமமாக. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே உருவி, ஓர வேரைக் கழித்து, புது மண் போட வேண்டும். இரண்டு பேர் வேண்டும் அந்த வேலைக்கு.

ரம்புட்டான், மங்குஸ்தான், வெண்ணெய்ப் பழம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியார் அரசுப் பழப்பண்ணையில் மங்குஸ்தானும் துரியனும் காய்த்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி. அங்கே மலையடிவார ஈரமும் நிழலும் இருக்கிறது. குற்றாலத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வரும். மதுரை, திருச்சி, வேலூர் வெயிலில் மங்குஸ்தான் இலை கருகியே நிற்கும். நல்ல இடத்திலேயே காய்க்க ஏழெட்டு முதல் பத்து வருஷம் ஆகிற மரம் அது.

ரம்புட்டான் வாங்கினால் மொட்டு ஒட்டிய கன்றுதான் வாங்க வேண்டும். விதைக்கன்றில் ஆண் மரம் வந்துவிடும். வெண்ணெய்ப் பழம் கீழ்ப்பழனி மலைக்கு ஏற்ற மரம், தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தின் ரகமே இருக்கிறது. சமவெளியில் வைப்பவர்கள் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் மரம் போய்விடும் என்று தெரிந்து வையுங்கள்.

நட்சத்திரப் பழம் எங்கும் சுலபமாக வரும். வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால் அந்த மரமே வேண்டாம். அவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

கவாத்து எப்போது?

மாவுக்குக் காய் பறித்த உடனே, ஆடிக்குள். முற்றிய கிளை நுனியில்தான் அடுத்த பூ வரும், அதனால் ஐப்பசியில் வெட்டினால் அந்த வருஷப் பூவையே வெட்டுகிறீர்கள். கொய்யா நேர்மாறு. புதுத்தளிரில்தான் பூக்கும், நுனியை வெட்ட வெட்டக் காய்க்கும். எலுமிச்சையில் காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள். பெரிய வெட்டுக்காயத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பு) தடவுங்கள்.

மாங்காய் முற்றிவிட்டது என்று எப்படித் தெரியும்?

காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் உயர்ந்து, காம்பு கொஞ்சம் குழிக்குள் போனதுபோல ஆகும். மரத்திலிருந்து ஒரு நல்ல பழம், அணில் கடிக்காமல், தானாக விழும். அதற்கு மறுநாள் காலையில் பறிக்கலாம். ஒரு விரல் நீளக் காம்போடு வெட்டிக் கீழே கொண்டுவந்து, பிறகு காம்பை ஒடித்து, காயைத் தலைகீழாகச் சாக்கின் மேல் வைத்துப் பாலை வடிய விடுங்கள். பால் தோலில் வழிந்தால் பழத்தில் கருப்புத் தழும்பு விழும், கையில் பட்டால் அரிக்கும். வடிந்ததும் வைக்கோலில் அடுக்கி மூடி வையுங்கள், நாலு நாளில் வாசனை கூடத்துக்கு வரும். கார்பைடு கல் வைக்க வேண்டாம், அது சட்டப்படியும் தடை.

என் வீட்டில் மல்லிகா பழுக்கிற வாரத்தில் முதல் விழுந்த பழம் அணிலுக்கு, இரண்டாவது தெருக்கோடி அக்காவுக்கு.